மிச்சச் சூடு

கொலராடோவின் மேற்கு மலைகளில் செப்டம்பர் மாதம் வில்வேட்டைக்கு உரியது. துப்பாக்கிக்காரர்களின் முறை பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும் வரும். வில்லோடு போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்க் மான்கள் இணைசேரும் காலம் அது. ஆண் மான்கள் ஊதல்போல நீளமாகக் கூவி, தாங்கள் நிற்குமிடத்தைத் தாங்களே சொல்லிவிடும். ஒரு சங்கடமும் உண்டு. பகல் வெயில் 25 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவுக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க, 300 கிலோ எடையுள்ள ஓர் உடல், வண்டி நிறுத்திய இடத்திலிருந்து நாலைந்து மைல் மேலே, அந்த வெயிலில் சாய்கிறது.

வேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு பேனாவை மூடிவிடுவார்கள். தடம் தேடியது, காற்றுத் திசை பார்த்தது, மூச்சை அடக்கிக் காத்திருந்தது எல்லாம் பக்கம் பக்கமாக வரும். மான் விழுந்ததும் ஒரு வரி இடைவெளி. அடுத்த காட்சியில் அடுப்பு எரியும். நடுவில் அந்தக் கறி கெடாமல் எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. எனக்கோ அந்த விடுபட்ட பகுதியில்தான் வேட்டையின் நியாயம் அநியாயம் எல்லாம் அடங்கியிருப்பதாகப் படுகிறது. ஒருநாளும் வில்லைத் தொடாதவனின் அபிப்பிராயம் இது. அந்த மதிப்பு கொடுத்தால் போதும்.

உயிரோடிருக்கும் எல்க்கின் உடல் வெப்பம் சுமார் 38, 39 டிகிரி. இதயம் நின்றதும் அது இறங்கத் தொடங்கிவிடும் என்றுதான் நினைப்போம். உடனே இறங்காது. தாங்கள் செத்துவிட்ட சேதி தசைகளுக்குப் போய்ச் சேர நேரமாகும். கைவசம் இருக்கும் கிளைக்கோஜனை அவை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்து லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டிருக்கும். அந்த வேலையில் வெப்பம் பிறக்கிறது. அதுவரை ரத்தம்தான் அந்த வெப்பத்தைச் சுமந்துபோய்த் தோலிலும் மூச்சிலும் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது ரத்தமும் நின்றுபோயிற்று. ஆகவே பின்தொடையின் ஆழத்தில், இடுப்பு மூட்டைச் சுற்றி, செத்த பிறகு கொஞ்ச நேரம் சூடு ஏறக்கூடச் செய்யும்.

வெளியேயும் வழி அடைபட்டிருக்கிறது. எல்க்கின் ரோமத்துக்குள் காற்றறைகள் உண்டு. இணைசேரும் பருவத்துக்கு முன்பு ஆண் மான் கோடை முழுக்கத் தின்று முதுகில் கொழுப்பு சேர்த்து வைத்திருக்கும். கழுத்தைச் சுற்றி அடர்ந்த பிடரி. மைனஸ் 30 டிகிரிப் பனிக்காற்றில் நின்றபடி அசைபோடுவதற்காக அமைந்த உடுப்பு அது. ஒரு கலோரி வெப்பத்தைக்கூட வீணாக வெளியே விடாது. விலங்கை எத்தனையோ குளிர்காலம் உயிரோடு வைத்திருந்த அதே தோல்தான், உயிர் போனபின் கறியைக் கெடுக்கிறது. உள்ளே 38 டிகிரி, ஈரம், சத்து. கிருமிக்கு இதைவிட நல்ல இடம் ஏது? ஆரோக்கியமான விலங்கின் தசைக்குள் கிருமி அநேகமாகக் கிடையாது. குடலிலும் தோலிலும் கத்தியிலும் இருந்துதான் வரவேண்டும். வந்தபின், அந்தச் சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இதில் பனியை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. நவம்பர் மாதம், அந்தி நேரம், மான் விழுந்துவிட்டது. முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துவிட்டு, தோலோடு பனிமேல் போட்டு, இயற்கையே குளிர்பெட்டி வைத்திருக்கிறது என்று கூடாரத்துக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். காலையில் வந்து பார்த்தால் காதும் குளம்பும் கல்லாக உறைந்திருக்கும். பின்தொடையில் எலும்பு வரைக்கும் கத்தியை இறக்கினால் உள்ளே இன்னும் வெதுவெதுப்பு. கூடவே ஒரு புளித்த நாற்றம். எலும்போரம் கறி புளித்துப்போவது என்று அங்கே வேட்டைக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள்; காற்றுப் புகாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் செய்கிற வேலை. பனியும் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பொருள்தானே! கம்பளிக்கும் அதற்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அடியில் பனி, மேலே சொந்தத் தோல், நடுவில் சூடு. வெளியே எவ்வளவு குளிர் என்பதல்ல கேள்வி. உள்ளே இருப்பது வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான்.

அமெரிக்காவில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். வருஷா வருஷம் எல்க் வேட்டைக்குப் போகிறவர். ஒருமுறை கறி சுமக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார், போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மான் விழுந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். வயிற்றை அவர் திறக்கவே இல்லை. ஒரு பக்கமாகக் கிடத்தி, முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி, வயிற்றுப் பக்கமாக உரித்துக்கொண்டு வந்தார். முன்சந்து கத்தி பட்டதும் கழன்று வந்துவிட்டது. அந்தக் காலுக்கு உடம்போடு எலும்பு இணைப்பு கிடையாது, சதைதான். பின்சந்துக்குத்தான் இடுப்புக் குழியில் கத்திமுனையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. பிறகு முதுகுத் தசை, கழுத்துக் கறி. உடலைப் புரட்டிப்போட்டு மறுபக்கமும் அதே. கடைசி விலா எலும்புக்குக் கீழே கையை விட்டு உள்முதுகுத் தசையை உருவி எடுத்தார். குடல், இரைப்பை எல்லாம் கட்டுக்குலையாமல் அப்படியே உள்ளே இருந்தன. குடலைத் தொடாதவரை கறிக்கு அசிங்கம் ஒட்டாது. தவிர, பெரிய உடலைத் துண்டுகளாக்கினால்தான் சூடு வெளியேறப் பரப்பு கிடைக்கும்.

ஒரு பின்சந்தை என் கையில் தூக்கிக் கொடுத்தார். முப்பது கிலோவுக்குக் குறையாது. கனத்தைவிட என்னைத் திடுக்கிடவைத்தது அதன் சூடு. காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கியதுபோல என் நெஞ்சில் அது சுட்டது. கசாப்புக் கடையில் கறியைச் சில்லென்றே தொட்டுப் பழகிய கைக்கு அது வேறு பொருளாக இருந்தது. கறி என்று சொல்லிவிடவும் முடியவில்லை. மிருகம் என்று சொல்லவும் இடமில்லை.

“அணைத்துப் பிடிக்காதே, மாட்டு,” என்றார்.

வடக்குப் பார்த்த சரிவில், வெயிலே விழாத ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையில், ஒரு கட்டையைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டையும் மெல்லிய வெள்ளைத் துணிப்பையில் போட்டு, ஒன்றோடொன்று உரசாமல், கரடிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது; சூடும் வேர்வையும் உள்ளேயே நின்றுவிடும். துணி காற்றை விடும், ஈயை விடாது. இந்த ஈ விஷயம் சாதாரணமில்லை. ரத்தவாடை பட்ட சில நிமிடங்களில் நீலப் பச்சை நிறத்தில் மினுங்கிக்கொண்டு வந்துவிடும். துணியின் மடிப்பில் ஓர் ஓட்டை கிடைத்தால் போதும், வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக முட்டையிடும். மறுநாளே புழு. சிலர் மிளகுத்தூள் தடவுகிறார்கள், சிலர் சிட்ரிக் அமிலக் கரைசல் தெளிக்கிறார்கள். இவர் எதுவும் செய்யவில்லை. காற்று படட்டும் என்றார். அந்த மலைக்காற்றில் ஈரப்பசையே இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் கறியின் மேற்பரப்பு காய்ந்து, கருஞ்சிவப்பாக, தொட்டால் பார்ச்மென்ட் தாளைப்போல ஒரு மெல்லிய பொருக்கு கட்டிவிட்டது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. காய்ந்த பரப்பில் ஈ முட்டையிடத் தயங்குகிறது, பாக்டீரியா பெருகத் திணறுகிறது. அந்தப் பொருக்குதான் கறிக்குப் புதிய தோல். பழைய தோல் சூட்டை உள்ளே வைத்திருந்தது. இது வெளியே விடுகிறது.

பக்கத்திலேயே ஓடை. பனி உருகி வந்த தண்ணீர். கையை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதில் போட்டால் என்ன என்று கேட்டேன். நல்ல பிளாஸ்டிக் பையில் கட்டிச் சிறிது நேரம் போடலாம், நனையவிடக் கூடாது என்றார். நனைந்த கறி குளிரும், குளிர்ந்தபின் கெடும். தண்ணீர் கிருமிக்கும் தண்ணீர்தானே.

இரவில் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் செப்டம்பரிலேயே தண்ணீர் உறையும் குளிர். அதுதான் அங்கே குளிர்பெட்டி. காசில்லாதது, ஆனால் பகலில் வேலை செய்யாது. விடியற்காலையில் அவர் செய்த காரியம் எனக்கு முதலில் விளங்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த துண்டுகளை, துணிப்பையோடு, இறக்கினார். நிழலில் கித்தான் விரித்து அடுக்கி, நாங்கள் படுத்திருந்த தூக்கப்பைகளையே அவற்றின்மேல் போட்டு மூடினார். இரவெல்லாம் திறந்து வைத்துவிட்டு வெயில் வரும்போது போர்த்துகிறாரே என்று விழித்தேன். போர்வைக்கு ஏது பட்சபாதம்? உள்ளே சூடு இருந்தால் சூட்டைக் காக்கும், குளிர் இருந்தால் குளிரைக் காக்கும். முந்தின நாள் உரித்துப் போட்ட தோல் செய்ததும் அதைத்தான்.

சரி, அப்படியானால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐஸில் புதைத்துவிடலாமே? அங்கேயும் இடறுகிறது. 1882-ல் ‘டனீடின்’ என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டுக்கறியை ஏற்றிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டின் பொருளாதாரமே அதன்பின் மாறிப்போனது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உறைவிக்கும் இயந்திரங்கள் திறமையாக ஆக ஆக, இளம் ஆட்டின் கறிகூட மெல்ல முடியாமல் ரப்பராக வருகிறது என்று புகார்கள் வந்தன. 1960-களில் லாக்கர் என்ற நியூசிலாந்து விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் காரணத்தைக் கண்டார்கள். செத்தபின் விறைப்பு வந்து முடிவதற்குள் தசையைக் கடுமையாகக் குளிர்வித்தால் அது சுருண்டு சுருங்கிவிடுகிறது. எலும்பை விட்டுப் பிரித்த கறி என்றால் இழுத்துப்பிடிக்கவும் ஆளில்லை, இன்னும் சுருங்கும். அப்படிச் சுருங்கியது எத்தனை நாள் வைத்தாலும், எவ்வளவு வேகவைத்தாலும், சரியாக இளகுவதில்லை. முதல் பத்து மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்குக் கீழே போகவேண்டாம் என்று மாட்டிறைச்சிக் கூடங்களில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு நாளுக்குள் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

அவசரப்படாமலும் இருக்க வேண்டும், தாமதிக்காமலும் இருக்க வேண்டும். தசைக்குத் தன் கடைசி வேலையை முடித்துக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும். கிளைக்கோஜன் அமிலமாகி, உயிருள்ள தசையில் 7-க்குப் பக்கத்தில் இருந்த பி.எச். அளவு 5.5 வரைக்கும் இறங்கினால், அந்த லேசான புளிப்பே கறிக்குக் காவல். பல பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது.

எல்லா மிருகத்துக்கும் இந்தக் காவல் கிடைப்பதில்லை. தவறான இடத்தில் அம்பு பட்டு, மைல் கணக்கில் ஓடி, பயத்தில் நடுங்கி, ஒளிந்து, மறுபடி ஓடிச் சாகிற மான் தன் கிளைக்கோஜனை ஓட்டத்திலேயே செலவழித்துவிடும். அமிலமாக மாற அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதன் கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். நல்ல வேட்டைக்காரர்கள் பாயும் மானைக் குறிவைக்காததற்குக் கருணையைக் காரணமாகச் சொல்வார்கள். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கருணை இல்லாதவனையும் கறி கணக்குக் கேட்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தி. துரத்திக் கொன்றதன் ருசி தட்டில் தெரிந்துவிடுகிறது.

வெயில் நாடுகள் இந்தச் சிக்கலுக்குள்ளேயே போகவில்லை. சூட்டை எடுக்க முடியாத இடத்தில் தண்ணீரை எடுத்துவிட்டார்கள். நம் வீடுகளில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, கொடியில் காயப்போட்ட உப்புக்கண்டம் அந்த வழி. வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடிகள் காட்டெருமைக் கறியைத் தாள்போல அரிந்து காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பில் பிசைந்து பெமிக்கன் செய்தார்கள். கெடாமல் வருஷக்கணக்கில் நிற்கும். இலங்கையில் கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது வருஷம் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ், 1681-ல் வெளியான தன் புத்தகத்தில், வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதில் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கென்று வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். தேனும் உப்பைப்போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள்தான். நமக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் தாத்தாக்கள் சொன்ன கதை. சட்டம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

எதைச் செய்தாலும் இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. இத்தனை கொடியில் இவ்வளவுதான் காயப்போடலாம். இத்தனை கைகள் இருந்தால் இவ்வளவுதான் அரியலாம். அதற்கு மேல் கொன்றால் அழுகும். கைக்கு மிஞ்சியதற்கு ஒரே ஒரு நல்ல கிடங்குதான் இருந்தது: அடுத்தவன் வயிறு. இன்றைக்கு என் மானை உனக்குக் கொடுத்தால், எனக்கு ஒன்றும் கிடைக்காத நாளில் உன் மான் என் வீட்டுக்கு வரும். வேட்டைச் சமூகங்களின் தாராளத்தைப் பற்றி மானுடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாராளத்துக்குப் பின்னால், நாளைக்குள் நாறிப்போகும் ஒரு பின்தொடையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக் என்ற ஊர். அங்கே இனுபியாட் மக்கள் இன்றும் போஹெட் திமிங்கலம் பிடிக்கிறார்கள். சர்வதேச திமிங்கல ஆணையம் அதற்கு ஒதுக்கீடு தருகிறது. பனிக்கட்டி மிதக்கும் கடலில் கிடக்கும் திமிங்கலம் கெடுமா என்று தோன்றும். கெடும், அதுவும் ஒரே நாளில். அரை மீட்டர் வரைக்கும் தடித்த கொழுப்புப் படலம் அதற்கு. எல்க்கின் தோல் செய்கிற வேலையைப் பல மடங்கு வலுவாகச் செய்யும். இழுத்துக் கரைசேர்க்கத் தாமதமானால், பனிக்கடலில் மிதந்துகொண்டே உள்ளே கறி வீணாகிவிடும். அதனால் கரைக்கு வந்ததும் ஊரே கூடிவிடுகிறது. நீண்ட பிடி போட்ட கத்திகளோடு கொழுப்பைப் பாளம் பாளமாக வெட்டி இழுக்கிறார்கள். படகுத் தலைவனுக்கு இது, முதலில் ஈட்டி எறிந்தவனுக்கு இது, இழுக்க வந்தவர்களுக்கு இது என்று பங்கு முறை இருக்கிறது. ஜூன் மாதத் திருவிழாவில் மறுபடி ஒரு பகிர்வு. மிச்சம், நிரந்தரமாக உறைந்த மண்ணில் ஏணி வைத்து இறங்கும் ஆழத்துக்குத் தோண்டிய நிலவறைகளில் போகிறது. அந்த மண் இப்போது இளகிக்கொண்டு வருகிறது. சில நிலவறைகளில் தண்ணீர் ஊறிவிட்டது. பல தலைமுறை நம்பியிருந்த குளிரை, வேறெங்கோ எரிந்த எண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறது.

குளிர் கைக்கு அடங்கியபோது, எவ்வளவு கொல்லலாம் என்ற அந்த எல்லை உடைந்தது. இதைத்தான் சொல்ல வந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரயில் வந்தது, தந்தி வந்தது, ஏரிகளில் வெட்டிய ஐஸ் மலிவாகக் கிடைத்தது. பாசெஞ்சர் புறா கோடிக்கணக்கில் கூட்டமாகக் கூடு கட்டிய பறவை. எந்தக் காட்டில் இறங்கியிருக்கின்றன என்று தந்தி போகும். தொழில்முறை வேட்டைக்காரர்கள் ரயிலேறி வந்துவிடுவார்கள். 1878-ல் மிச்சிகன் மாநிலத்தின் பெடோஸ்கி அருகே நடந்த சம்ஹாரம் பேர்போனது. பறவைகளைப் பீப்பாய்களில் ஐஸோடு அடைத்துப் பெருநகரங்களின் உணவு விடுதிகளுக்கு அனுப்பினார்கள். ஐஸ் இல்லாவிட்டால் ஒரு ஊர் எத்தனை புறாவைத் தின்றிருக்கும்? ஐஸ் இருந்ததால் தின்கிற வாய் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. அதற்குப் பசி அடங்குவதில்லை. கடைசிப் புறாவான மார்த்தா சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 1914 செப்டம்பர் 1 அன்று செத்தது. அதன் உடலைச் சுமார் 300 பவுண்டு எடையுள்ள ஐஸ் பாளத்துக்குள் உறையவைத்து, ரயிலில் ஏற்றி, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியனுக்கு அனுப்பிவைத்தார்கள். இனத்தை முடித்த அதே ஏற்பாடு, கடைசி ஒன்றையும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உடைந்த எல்லையைப் பிறகு சட்டம் போட்டுக் கட்டவேண்டியிருந்தது. 1900-ல் வந்த லேசி சட்டம், ஒரு மாநிலத்தில் விதிமீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதைக் குற்றமாக்கியது. வேட்டையாடிய கறியை விற்பதையே மாநிலங்கள் தடுத்தன. இன்றைக்கும் அமெரிக்காவில் வேட்டைக்காரன் தன் எல்க்கைத் தின்னலாம், தானம் கொடுக்கலாம், விற்க முடியாது. அங்கே உணவு விடுதியில் மான்கறி என்று வருவது அநேகமாகப் பண்ணையில் வளர்ந்தது. பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து உறைந்து வருவது. இன்னொரு பக்கம், கொன்றதைக் கெடவிடுவதும் குற்றம். கொலராடோவில் நாலு சந்துகளையும் முதுகுத் தசைகளையும் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டுவந்தால் வழக்கு வரும். அலாஸ்காவில் இன்னும் கறார்: கறி முழுவதும் காட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன்னால் கொம்பு வெளியேறக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. சுவரில் மாட்டுகிற பொருளைத் தூக்குவதற்கு முன், முப்பது முப்பது கிலோவாக அந்தச் சூட்டைச் சுமந்து முடி என்கிறது. எவ்வளவைக் குளிரவைத்துச் சுமக்க உன்னால் ஆகுமோ அவ்வளவைத்தான் நீ கொல்லலாம் என்பதைச் சட்டத்தின் மொழியில் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியாது.

வீட்டு ஃப்ரீசர் அந்தக் கணக்கிலும் கொஞ்சம் விளையாடுகிறது. ஒரு எல்க்கிலிருந்து எலும்பு நீக்கி நூறு கிலோவுக்குப் பக்கத்தில் கறி வரலாம். முன்பு அது பத்து வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். இப்போது கராஜில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு வருஷத்துக்கு அடங்கிவிடுகிறது. யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கொடுப்பது நல்ல குணமாகிவிட்டது. முன்பு அது குணத்தைக் கேட்டு நடந்ததல்ல.

கடைசியாக, குளிருக்கும் அடங்காத ஒன்று வந்திருக்கிறது. 1967-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்கள் காரணம் தெரியாமல் இளைத்து, எச்சில் ஒழுக, தலை தொங்கிச் செத்தன. மூளையைத் துளைத்துச் சல்லடையாக்கும் ப்ரியான் நோய் அது என்று பிறகு தெரிந்தது. இன்று அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் காட்டு மான்களிடம் பரவியிருக்கிறது. ப்ரியான் ஒரு கிருமியல்ல. தவறாக மடிந்துபோன ஒரு புரதம். அதற்கு உயிர் இல்லாததால் கொல்லவும் முடியாது. வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மனிதர்களுக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான ஆதாரமில்லை. ஆனாலும் நோயுள்ள பகுதியில் கொன்ற மானைச் சோதித்துவிட்டுத்தான் தின்னுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. ஆகவே தலையைக் கொண்டுபோய் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தொண்டைக்குப் பின்னாலிருக்கும் நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்க்கிறார்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் காத்துக்கிடக்கும். நோய் இருக்கிறது என்று வந்தால், அத்தனை பாடுபட்டு நிழலில் தொங்கவிட்டு, தூக்கப்பை போர்த்தி, முதுகில் சுமந்து இறக்கிய அத்தனையும் குப்பைக்கு.

தச்சர் வீட்டு ஃப்ரீசரில் இரண்டு தட்டு. தடித்த மெழுகுத் தாளில் பொட்டலம் கட்டி, எந்தப் பகுதி, எந்த மாதம் என்று தச்சுப் பென்சிலால் எழுதியிருப்பார். கீழ்த்தட்டில் இருப்பவை முடிவுக்குக் காத்திருப்பவை. அதைத் தொட அவர் மனைவிக்கும் அனுமதியில்லை. மேல்தட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பொட்டலம் வந்தது. சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டு என் மனைவி வறுத்தாள். கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதல். ஒரு டப்பா அவருக்கும் கொடுத்தனுப்பினோம். மறுநாள் வாசலில் நின்றுகொண்டு, எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது என்று விசாரித்தார். முக்கால் மணி நேரம் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அது முதுகுத் தசையாம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிஷம் காட்டினால் போதுமாம். அதைப் போய் இந்தப் பாடு படுத்தலாமா என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டப்பாவைக் கழுவித்தான் கொண்டுவந்திருந்தார். அடுத்த முறை கழுத்துக் கறி தருகிறேன், அதை எவ்வளவு வேண்டுமானாலும் வேகவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.